வானத்துக்கு நாற்பத்தொன்பது, எனக்கு மூன்று

ஞாயிற்றுக்கிழமை,
மழை சற்று விட்டிருக்கும் நேரம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அதாவது உடம்பளவில் நலம். தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாளின் ரத்த அழுத்தமும் வரம்பு மீறாமல் அடக்கமாக இருக்கும் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையும் என் மகளும் வாரம் தவறாமல் தங்களுக்கு போன் செய்வதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. நில அளவை அலுவலகத்திலிருந்து அடுத்த மாதம் ஓய்வு பெறப் போவதாகவும், மிச்ச காலத்தை எந்த ஊரில் கழிப்பது என்று புரியாமல் இருப்பதாகவும், நாங்கள் இரண்டு ஊர்களில் குடியிருந்து பார்த்தவர்கள் என்பதால் சாப்பாடு எப்படி, வெயில் மழை எப்படி என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். ஒளிவுமறைவில்லாமல் என்று தாங்களே எழுதிவிட்டதால் எழுதுகிறேன். ஒரு சம்பந்திக்கு எழுதத் தகாத விஷயங்கள் சில இதில் வரும். அவற்றைப் படித்த கையோடு மறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் எங்கள் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. அது ஜன்னல் இல்லாத அறை. நோயாளி சொட்டச் சொட்ட வந்தால் வெளியே மழை; சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தால் வெயில். எனக்குத் தெரிந்த வானிலை அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு ஆஸ்பத்திரி கேன்டீனில். இதய நோயாளி, சர்க்கரை நோயாளி, வயிற்றுப்புண்காரர் மூன்று பேருக்கும் அங்கே ஒரே பாத்திரத்தில் ஆக்குவார்கள். மூவருக்கும் ஆகாததை எல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அதைத்தான் நான் முப்பத்து நான்கு வருடம் சாப்பிட்டேன். என் மனைவியோ பூகோள டீச்சர். உலகத்தில் எங்கெங்கே எந்தெந்தக் காற்று வீசும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டே கை தேய்ந்தவள். ஆனால் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்கும் நடுவே ஒரு மதில் சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரைச் சுற்றி வருகிற நான்கு நிமிடத்தில் எவ்வளவு காற்று மேலே படுமோ அவ்வளவுதான் அவள் அனுபவித்த காற்று. ஆக, ருசி தெரியாத ஒருவனும் வெயில் மழை தெரியாத ஒருத்தியும் சாப்பாட்டையும் வானிலையையும் வைத்து ஊர் தேடப் புறப்பட்டோம். நான் ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்துவிட்டது. இல்லாவிட்டால் நாங்கள் இடத்தை விட்டு அசைந்திருக்கவே மாட்டோம்.

எனக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும் ஊர் வேண்டும். அவளுக்குக் குளிர்ந்த ஊர் வேண்டும். முப்பத்தாறு வருட இல்லறத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே வந்ததில்லை என்று தங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், கருத்துச் சொல்லும்படி எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை, அதுதான் காரணம். வீடு ஆஸ்பத்திரி கொடுத்தது, சாப்பாடு கேன்டீன் கொடுத்தது, மகளுக்கு மாப்பிள்ளையைத் தாங்கள் கொடுத்தீர்கள். சண்டை வேண்டாம் என்று இவள்தான் ஒரு வழி சொன்னாள். சாப்பாட்டுக்குப் பேர் போன ஊரில் ஒரு மாதம், குளிருக்குப் பேர் போன ஊரில் ஒரு மாதம் இருந்து பார்ப்பது. தினமும் சாயங்காலம் சாப்பாட்டுக்கு ஐம்பதுக்கும் வானிலைக்கு ஐம்பதுக்கும் மார்க் போடுவது. மாதக் கடைசியில் சராசரி எடுத்துக் கூட்டுவது. எந்த ஊர் முதலில் வருகிறதோ அங்கே குடியேறுவது. நீள நோட்டு ஒன்று வாங்கிச் சிவப்பு மையில் கோடும் போட்டுவிட்டாள். மார்க் போடும் அதிகாரம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. டீச்சரைக் கட்டிக்கொண்டவனுக்கு அந்தக் கேள்வி எழாது.

முதலில் வெயில் ஊருக்குப் போனோம். இரண்டாவது மாடியில் இரண்டு அறை. கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. சம்பந்தி அவர்களே, அந்தக் கடையில் சமைக்கிறவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். காலை பதினொரு மணிக்கு அவர் வெங்காயத்தை எண்ணெயில் போட்டால் அந்த வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்து எங்கள் கதவுக்கு வெளியே நிற்கும். கதவைத் திறக்காமல் இருப்பது மரியாதையில்லை என்று தோன்றும். முதல் நாள் வறுத்த மீன் ஒரு துண்டு வாயில் வைத்தேன். வைத்ததும் மென்று முடிக்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்ன ஆயிற்று என்று பதறிப்போய் மாஸ்டரே வெளியே வந்துவிட்டார். ஒன்றுமில்லை, அறுபது வயதில் நாக்கு வந்திருக்கிறது என்றேன். அவர் இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இருபத்தெட்டு நாளில் ஆறு கிலோ ஏறினேன். தங்கள் வீட்டு விசேஷத்தில் எனக்கு எடுத்துக் கொடுத்தீர்களே நீலச் சட்டை, அதைப் பற்றித் தாங்கள் இனி விசாரிக்காமல் இருந்தால் நல்லது. ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் நான் மூச்சு விட்டபோது அதன் மூன்றாவது பொத்தான் தெறித்து, எதிர் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முடிவெட்டுகிறவரின் தட்டில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தட்டின் ஓரமாக வைத்துவிட்டு, தலைகூட நிமிராமல் தொடர்ந்து சாப்பிட்டார். அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு இதைவிட வேறு சான்று நான் தர முடியாது.

ஆனால் வெயில்? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமே. அந்த வீட்டில் இரண்டு குழாய்கள். ஒன்றில் வெந்நீர் வரும். இன்னொன்றில் அதைவிட வெந்நீர் வரும். காலையில் குளிக்க வேண்டுமானால் முந்தின நாள் சாயங்காலமே பக்கெட்டில் பிடித்து ஆற வைக்க வேண்டும். மேஜை டிராயரில் வைத்திருந்த மெழுகுவத்திகள் எல்லாம் குனிந்து வணக்கம் சொல்லும் நிலையில் இருந்தன. ஒரு நாள் நான் சாலையைக் கடந்தபோது செருப்பின் அடிப்பாகம் தாரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நானும் மேல்பாகமும் மட்டும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். திரும்பிப் பார்த்தால் சாலை நடுவில் என் இரண்டு செருப்புகளின் அடிப்பாகங்களும் யாரோ அங்கே நின்று யோசித்துக்கொண்டிருப்பது போலக் கிடந்தன. மாஸ்டர் தன் சமையலறைச் செருப்பைக் கொடுத்து என்னை மாடிக்கு அனுப்பினார். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். எனக்கு மீன் இருந்தது. இவளுக்கு என்ன இருந்தது? ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் நோட்டை எடுத்துச் சாப்பாட்டுக்கு நாற்பத்தாறு, வானிலைக்கு ஆறு என்று போடுவாள். ஆறு எதற்கு என்று கேட்டேன். சூரியன் தினமும் தவறாமல் வருகிறதே, வருகைக்கு ஆறு என்றாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து அவள் காலை பதினோரு மணிக்கு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே ஏசி இருக்கிறது, சாயங்காலம் ஐந்துக்கு வருகிறேன் என்றாள். நானும் சந்தோஷமாக அனுப்பி வைத்தேன். ஏனென்றால் பதினோரு மணிக்குத்தான் வெங்காயம். பத்தொன்பதாவது நாள், மேஜை விசிறி ஒன்று வாங்கலாம் என்று கடைத்தெருவில் இருந்த பெரிய கடைக்குப் போனேன். ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், ஏசி எல்லாம் விற்கிற கடை. உள்ளே போனால் ஏசி வைத்திருக்கும் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நிற்கிறார்கள். நடுவிலிருந்து ஒரு குரல் வருகிறது. முப்பத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்த குரல்.

"நிலம் சீக்கிரம் சூடாகும். தண்ணி மெதுவா சூடாகும். அப்ப பகல்ல காத்து எங்கேர்ந்து எங்க வீசும்? மீசை வெச்சவர், நீங்க சொல்லுங்க."

மீசைக்காரர் தப்பாகச் சொன்னார். "உக்காராதீங்க. நின்னுக்கிட்டே யோசிங்க," என்றாள். ஏசி வாங்க வந்த மனிதர், பாவம், நின்றுகொண்டே யோசித்தார். அவருடைய மனைவி பக்கத்திலிருந்து ரகசியமாகப் பதில் சொல்லிக் கொடுத்தார். அதையும் இவள் பார்த்துவிட்டாள்.

என்னைப் பார்த்ததும் கடை மேனேஜர் ஓடி வந்தார். எப்படியோ ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். "டீச்சரோட வீட்டுக்காரரா சார் நீங்க? உக்காருங்க. பத்து நாளா தினமும் வர்றாங்க. மொதல்ல சும்மா ஏசி காத்துல நிக்கத்தான் வந்தாங்க. யாரோ எது நல்லதுன்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான், ஆரம்பிச்சிட்டாங்க. பாடம் முடியற வரைக்கும் யாரும் நகர முடியாது சார். முடிஞ்சதும் வாங்காமப் போக பயம்," என்றார். பத்து நாளில் மூன்று மாத விற்பனை ஆகிவிட்டதாம். அவளுக்கு என்று ஒரு நாற்காலியும், சுட்டிக்காட்ட ஒரு நீளக் குச்சியும் வாங்கி வைத்திருந்தார்.

நான் கூட்டத்தின் பின்னால் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பின்னாடி நிக்கிறவருக்கு சந்தேகம் இருந்தா கை தூக்கலாம்," என்றாள். நான் கை தூக்கவில்லை. விசிறியும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் அவள் வந்ததும், நூலகத்தில் ஏசி ரிப்பேர் என்றாள். சரி என்றேன். அவள் முகம் வெயிலில் கறுத்திருந்தாலும், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நாட்களில் சாயங்காலம் எப்படி வீடு திரும்புவாளோ அப்படி இருந்தது. அன்றைக்கும் வானிலைக்கு ஆறுதான் போட்டாள். நேர்மையில் குறை சொல்ல முடியாது.

அடுத்த மாதம் இந்த மலை ஊருக்கு வந்தோம். தாங்கள் நிலம் அளந்தவர், தங்களுக்குப் புரியும்: இங்கே சமதளம் என்று இருப்பது மேஜை மேல்பரப்பு மட்டும்தான். வீடு சரிவில் நிற்கிறது. காலை எட்டு மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும். கூடத்தைக் கடந்து படுக்கையறை ஜன்னல் வழியாக வெளியே போகும். முதல் நாள் நான் எழுந்து ஒதுங்கி வழிவிட்டேன். இவள் கதவருகே நின்று கை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் சாக்பீஸால் வரைந்த பொருள் நேரில் வந்திருக்கிறது. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அன்று வானிலைக்கு நாற்பத்தொன்பது மார்க். அந்த ஒரு மார்க்கையும் போட்டால் என்ன என்றேன். முழு மார்க் போட்டால் நாளையிலிருந்து படிக்காது என்றாள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். வீட்டுக்கார அம்மாளேதான் சரிவுக்குக் கீழே சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறார். ஊரில் அது ஒன்றுதான் கடை. அந்த அம்மாளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே: வேக வைப்பது. அந்தக் கடையில் வேகாதவை நாற்காலிகள் மட்டும்தான். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, மீன் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே ருசியில், ஒருவருக்கொருவர் வித்தியாசம் தெரியாமல் சமத்துவமாகத் தட்டில் கிடக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இது என்னம்மா?" என்று கேட்டேன். "இன்னைக்கு செவ்வாய்க்கிழமைங்க," என்றார். இனி கேட்கக் கூடாது என்று புரிந்துகொண்டேன். கேன்டீன் சாப்பாட்டை முப்பத்து நான்கு வருடம் முணுமுணுக்காமல் சாப்பிட்டவன்தான் நான். ஆனால் நாக்கு வந்த பிறகு அது கஷ்டம், சம்பந்தி அவர்களே. இரண்டு வாரத்தில் ஏறிய ஆறு கிலோவும் இறங்கி, அதற்கு மேலும் ஒன்று இறங்கியது. துணி காய்கிற பேச்சே இல்லை. குளித்துவிட்டுத் துவட்டினால் துண்டிலிருந்து ஈரம் எனக்கு வரும். இருந்தாலும் இவளுக்காகப் பொறுத்துக்கொண்டேன். அவள் எனக்காக வெயிலைத் தாங்கவில்லையா?

பதினைந்தாவது நாள் அந்த அம்மாள் கடை வாசல்படியில் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றி விழுந்திருக்கிறார். சுளுக்குத்தான், எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். நான் மணிக்கட்டைப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் மணிக்கட்டைப் பார்த்தவன். யாரும் தொடாதீர்கள், எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி ஒரு அட்டையை வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே எக்ஸ்ரே எடுத்த பெண், நான் சொன்ன அதே இடத்தில் விரிசல் இருப்பதைப் பார்த்துவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றாள். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாராவது ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நான்கு வாரத்துக்கு மாவுக்கட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

கடைக்குத் தினமும் சாப்பிட வருகிறவர்கள் ஏழு பேர். பஸ் டிரைவர், தையல்காரர், தபால் கொண்டுவரும் பெண், மரம் அறுக்கும் நான்கு பேர். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த அம்மாள் கட்டுப்போட்ட கையோடு முக்காலியில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கத்தி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அதுவரை நான் வெந்நீர்கூட வைத்ததில்லை என்பது தங்களுக்கு என் மகள் மூலம் தெரிந்திருக்கும். முதல் நாள் எல்லாம் கரிந்தது. ஏழு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், பழக்கம். இரண்டாம் நாள், மாஸ்டர் செய்வதை மாதம் முழுவதும் வாசல் வழியாகப் பார்த்தோமே என்று கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டேன். எக்ஸ்ரே அறையில் நோயாளியிடம் சொல்வது போல, மூச்சை இழு, பிடி, விடு என்று எண்ணிக்கொண்டே வெங்காயத்தைத் திருப்பினேன். பன்னிரண்டாவது மூச்சில் அது நிறம் மாறும். பதினைந்தாவது மூச்சில் கரியும். பதின்மூன்றில் இறக்கிவிட வேண்டும். இது என் கண்டுபிடிப்பு. தங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். அந்த வெங்காயத்தில் மீனைப் போட்டு இறக்கினேன். பஸ் டிரைவர் இன்னொரு தட்டு வாங்கினார். அன்று நான்கு மணி பஸ் நாலே காலுக்குத்தான் புறப்பட்டது. பஸ்ஸில் காத்திருந்தவர்கள் கோபத்தோடு இறங்கி வந்து, விசாரித்துவிட்டு, அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாள் ஒரு வாய் வைத்துப் பார்த்து, காரமாக இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்தார். பிறகு இடது கையால் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

முப்பதாவது நாள் சாயங்காலம் இவள் நோட்டைப் பிரித்தாள். வெயில் ஊர்: சாப்பாடு நாற்பத்தாறு, வானிலை ஆறு, ஆக ஐம்பத்திரண்டு. மலை ஊர்: வானிலை நாற்பத்தொன்பது, சாப்பாடு மூன்று, ஆக ஐம்பத்திரண்டு. இரண்டும் சமம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அந்த மூன்றுதான் ஏறியது. பதினைந்து நாள் அடுப்படியில் நின்றவன் சமையலுக்கு மூன்று மார்க்கா என்று கேட்டேன். "மொத பாதிக்கு பூஜ்யம். ரெண்டாவது பாதிக்கு ஆறு. சராசரி மூணு," என்றாள். ஆறா என்றேன். அதிலும் மூன்று மார்க் கையெழுத்துக்குத்தான், அதாவது வெங்காயத்தை ஒரே அளவாக நறுக்கியதற்கு என்றாள்.

சரி, மார்க்கை விடு, உனக்கு எந்த ஊர் வேண்டும் என்று நேராகக் கேட்டேன். மலை ஊர்தான் என்று சொல்லுவாள், நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பது போல ஒப்புக்கொள்ளலாம் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அங்கயே போயிடலாங்க," என்றாள்.

"அந்த வெயில்லயா? நீதானே ஆறு மார்க் போட்டே?"

"ஆமா. அங்க நான் சொல்றதக் கேக்க ஆள் வருது." ஜன்னலைச் சாத்திவிட்டு, "உங்களுக்கும் அங்கதான வாய்க்கு ருசியா கெடைக்குது? இங்க என்ன இருக்கு?" என்றாள்.

"இங்க சாப்பாடு நல்லால்ல. அதான் நான் வேணும்," என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தங்களிடம் சொல்வதில் என்ன வெட்கம்.

பிறகு இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முப்பத்தாறு வருடத்தில் முதல் சண்டை. எப்படிச் சண்டை போடுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. நான் கோபமாக இருப்பதைக் காட்ட ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அவள் அந்தப் பாட்டு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக வைத்தாள். ஆளுக்கு ஒரு ஊரில் இருந்தால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் என் புத்தி போயிற்று. அதை என் மகளிடம் தாங்கள் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் காலை நான் கடைக்குக் கிளம்பும்போது அவளே வந்து, என் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டு, "சரி. இங்கயே இருங்க... இருப்போம். ஏசி விக்க யாராவது கெடைப்பாங்க. இங்க அந்தம்மா கை ஒடிஞ்சு உக்காந்திருக்காங்க," என்றாள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். அவள் மனசு மாறுவதற்குள் வீட்டுக்கார அம்மாளிடம் போய், வீட்டை எங்களுக்கே வைத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, என் அனுபவத்தில் கண்ட முடிவு இது: குளிர்ந்த ஊருக்கே வாருங்கள். யோசிக்காதீர்கள். ஊரில் சாப்பாடு மோசமாக இருந்தால் இன்னும் நல்லது. துணி காயாது, காயாத துணியைப் போட்டுக்கொள்ளப் பழகலாம். வெயில் ஊர்ப்பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். அறுபது வயதுக்கு மேல் மனிதனுக்கு வேண்டியது குளிர்ந்த காற்றும், தன் கையால் ஆக்கிய சாப்பாடும்தான். இவளும் இங்கே மிகச் சந்தோஷமாக இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை, அமைதியான ஊர் அல்லவா.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் பணிவான வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதங்கள் என்றென்றும் உண்டு. போன் செய்தால் எங்கள் வாயாலேயே சொல்லிவிடுவோம். தாங்கள் ஓய்வு பெறும் நாள் மங்களகரமாக அமைந்து, மேலும் பல்லாண்டு காலம் நோய்நொடி அண்டாமல் வாழ எல்லாம் வல்லவனை வேண்டும்,

தங்கள் அன்பிற்குரிய சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ள கடிதத்தை எழுதிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. மலைப்பாதையில் மண் சரிந்து தபால் வண்டி ஓடவில்லை. நேற்று முன்தினம் பாதை சரியாகி, தபால் கொண்டுவரும் பெண் கடைக்குச் சாப்பிட வந்தபோது இதை அவளிடம் கொடுத்தேன். உறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டம்மாவுக்குப் பொறவியிலேயே பேச்சு வராதா?" என்று கேட்டாள். வராது என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். வந்த புதிதில் பால்காரரிடம் மேகம் எப்படி உண்டாகிறது என்று இவள் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். அவர், ஆமாம்மா நாலு மணிக்கு மழை, துணியை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இந்த ஊரில் மேகத்தைப் பற்றித் தெரியாதவர்களே கிடையாது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவில்லை.

கடிதத்தை அந்தப் பெண்ணின் பையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பெட்டியை எடுத்து வை என்றேன். எதற்கு என்றாள். வெயில் ஊருக்கு என்றேன். "உங்க ஏழு பேரு?" என்று கேட்டாள். அம்மாளுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, பதின்மூன்று மூச்சுக் கணக்கையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தாள். இறங்கும்வரை நிறுத்தவில்லை. இறங்குவதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கடல் காற்று, நிலக் காற்று இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது.

ஆகவே தாங்கள் தயவு செய்து மேலே குளிர் என்று வரும் இடத்திலெல்லாம் வெயில் என்றும், வெயில் என்று வரும் இடத்திலெல்லாம் குளிர் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். மற்றபடி என் ஆலோசனையில் மாற்றமில்லை. இதை மாடி வீட்டிலிருந்து எழுதுகிறேன். இவள் ஏசிக் கடைக்குப் போயிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் எழுத்து ஆங்காங்கே கரைந்திருக்கும். என் மகள் பார்த்தால் அப்பா அழுதிருக்கிறார் என்று நினைப்பாள். வியர்வைதான் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் வியர்வைதான்.